பூரணி போடாத நான்கு பிளக்குகள்

எழுந்து வாருங்கள், பாலையூற்றுக்கு. கண்டி வீதியோரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு மோட்டார் கராஜின் வாசலில் வந்து நில்லுங்கள். உள்ளே மரவாங்கின் மீது, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் நான்கு பிளக்குகள் கிடக்கின்றன. அவற்றின் முனைகள் வெளுத்து, கொப்புளித்து, சுண்ணாம்பில் தோய்த்தவை போல் இருக்கின்றன. அவற்றைப் பூட்டியவள் பூரணி என்றும், அவளது கைப்பிழையால் ஒரு நோயாளியின் பயணம் காட்டு வழியில் கலைந்தது என்றும் ஊர் தீர்ப்பளித்துவிட்டது. அவளைக் கேளாமலே அளித்த தீர்ப்பு அது. கேட்டபோதும் நம்பாமல் அளித்த தீர்ப்பு. அவள் அந்தப் பிளக்குகளைப் பூட்டவில்லை. பூட்டியவன் அதே கூரையின் கீழ்தான் நிற்கிறான்; அவளுடைய புருஷன். அவன் நெஞ்சுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். அருவருத்தாலும் பார்க்க வேண்டும். அங்கே கிடப்பது அவனுக்கு மட்டும் உரியதன்று.

குலசிங்கத்துக்கு வயது நாற்பத்தேழு. பதினாறு வயதில் துறைமுகத்து வேலைத்தலத்தில் எண்ணெய் துடைக்கச் சேர்ந்து, இருபத்தைந்தில் எஞ்சினைக் காதாலேயே அறியும் தொழிலாளியாகி வெளியே வந்தவன். திருகோணமலையில் கைத்தொழில் வல்லவனைப் பாஸ் என்பார்கள். மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று எத்தனையோ பேர் இருந்தாலும், வெறுமனே 'பாஸ்' என்று சொன்னால் பாலையூற்றில் அது குலசிங்கத்தைத்தான் குறித்தது. அந்த ஒரு சொல்லை அவன் சட்டையைப் போல அணிந்திருந்தான்.

அந்தச் சட்டையில் முதல் கிழிசல் விழுந்தது கண்ணால். பிளக்கின் முனையில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டித்தான் நெருப்புப் பொறி பாயும். அந்த இடைவெளியைப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய உருக்குத் தகடுகளால் அளப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிப்பு எறும்புக்கால் போன்ற இலக்கத்தில் பொறித்திருக்கும். நாற்பத்தைந்தாம் வயதில் ஒரு காலை அந்த எறும்புகள் குலசிங்கத்தின் கண்ணிலிருந்து கலைந்து போயின.

“பூரணி, இஞ்ச வா. இதில என்ன போட்டிருக்கு?”

“இருபத்தைஞ்சு.”

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதோ எண்டு பாத்தனான்.”

“அப்ப இது?”

“அது... நீயே சொல்லன்.”

“பதினெட்டு. கண்ணாடி ஒண்டு எடுங்கோவன். ஆஸ்பத்திரியடியில கண் பாக்கினமாம்.”

“கண்ணாடி போட்ட பாஸிட்ட ஆர் வாகனம் விடுவான்? விசர்க் கதை கதையாதை.”

இப்படித்தான் பூரணி கராஜுக்குள் வந்தாள். முதலில் இலக்கம் வாசிக்க. பிறகு, வாசித்த தகட்டைப் பிளக்கில் செருகிப் பார்க்க. பிறகு இடைவெளியைத் தானே திருத்த. ஓராண்டுக்குள், கழற்றிய பிளக்கின் நிறத்தைக் கண்டே எஞ்சினின் சுகதுக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள். பாக்கு நிறமென்றால் நலம். அடுப்புக்கரியென்றால் எரிபொருள் மிகை. வெள்ளையென்றால் எஞ்சின் காய்கிறது.

யுத்தம் அவளுக்கு இன்னொரு பாடத்தையும் கட்டாயமாக்கியது. பெற்றோலுக்குப் பெர்மிட் வேண்டியிருந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. துறை கடந்து கிண்ணியாவுக்குப் போகும் பெற்றோல் போத்தலில் அளந்து போயிற்று. ஆகவே ஆளுக்காள் மண்ணெண்ணெய் கலந்து ஓடினார்கள். கலவை கரியாய் எரிந்தது. பிளக்குகள் நாலு நாளில் செத்தன. அதற்கு மாற்று, முனையில் சூடு தங்கிக் கரியை எரித்துவிடும் சூட்டுப் பிளக். கடைகளிலோ பெட்டி கிழிந்த, இலக்கம் அழிந்த, பல நாட்டுப் பிளக்குகள் ஒரே தகரத்தில் கலந்து கிடந்தன. எது சூட்டுப் பிளக், எது குளிர்ப் பிளக் என்று எப்படி அறிவது?

பூரணி விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கு உருவினாள். பிளக்கின் முனையில், நடுவில் நிற்கும் வெள்ளைப் பீங்கானைச் சுற்றி ஒரு பள்ளம் உண்டு. பள்ளம் ஆழமானால் சூடு வெளியேற நெடுவழி. அது சூட்டுப் பிளக். ஆழம் குறைந்தால் சூடு விரைந்து இறங்கும்; அது குளிர்ப் பிளக். ஈர்க்கைப் பள்ளத்தில் இறக்கி, நகத்தால் ஒரு கோடு கீறி, அடுத்த பிளக்கில் இறக்கி ஒப்பிட்டாள். துறைமுகத்து வேலைத்தலம் குலசிங்கத்துக்குக் கற்றுக் கொடுக்காத வித்தை. அவன் அதைப் பார்த்து முதலில் சிரித்தான். மூன்றாம் கிழமை சிரிப்பு நின்றது. நான்காம் கிழமை, ஈர்க்குக் கிடந்த வாங்கைக் கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டி எறிந்தான். பூரணி வேறொன்று உருவிக்கொண்டாள்.

எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த தவராசாவுக்கு வாய் சும்மா இராது.

“குலசிங்கம் அண்ணை, ஒரு சந்தேகம். இப்ப பாஸ் ஆர், பாஸுக்குக் கையாள் ஆர்?”

“நீ தேத்தண்ணிக்குச் சீனி போடு.”

“போடுறன். அக்காவைக் கேட்டுப்போட்டுப் போடட்டோ? எத்தினை கரண்டி எண்டு ஈர்க்கு வச்சுப் பாத்துச் சொல்லுவா.”

கடையிலிருந்த மூன்று பேர் சிரித்தார்கள். குலசிங்கமும் சிரித்தான். வீட்டுக்கு வந்து, பூரணி வைத்த கீரிமீன் சொதியில் உப்புக் கூடிவிட்டதென்று கோப்பையைத் தள்ளினான். உப்புக் கூடவில்லை.

கச்சான் காற்று கொதித்து வீசிய ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கிண்ணியாவில் நெல் ஆலை வைத்திருந்த ஜமால்தீன் தன் காரோடு வந்தார். கார் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது, கொர்ட்டினா ஜீ.ற்றீ, அறுபத்தைந்தாம் ஆண்டு வண்டி. ஒரு காலத்தில் மலைநாட்டுப் பந்தயங்களில் கொண்டையூசி வளைவுகளை உறுமி ஏறியது. தோட்டத்துரை ஒருவரிடமிருந்து ஜமால்தீனின் வாப்பா வாங்கினார். சிவப்பு வெளிறி நாட்டோட்டு நிறமாகிவிட்டாலும், முன்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னமும் பந்தயக் குதிரை நின்றது. கலவையை இறுக நெரித்து வெடிக்கும் எஞ்சின். சிறு பிழையையும் மன்னியாத எஞ்சின்.

ஜமால்தீன் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றோடு இறங்கினார். பூரணிக்கு அவர் 'நானா'; முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது. குலசிங்கம் இரு கைகளையும் துணியில் துடைத்துக்கொண்டு முன்னே போனான். சட்டி அவனைக் கடந்து சென்றது.

“தங்கச்சி, இந்தாங்க. நபீஸா உறைய வச்சது. ஏலாத ஒடம்போட, பூரணிக்குக் குடுக்காம போகப்படாதெண்டு நிண்டு உறைய வச்சவ.”

“ஐயோ, ஏன் நானா அவவைக் கரைச்சல் படுத்தினீங்கள்? இப்ப எப்பிடி இருக்கிறா?”

“மூச்சு வாங்குது தங்கச்சி. நெஞ்சில ஒரு வால்வு சுருங்கிப் போச்சாம். கண்டியில வெட்டணும். வியாழக்கிழமை காலம நாள் குறிச்சிரிக்காங்க. புதன் பின்னேரம் அங்க படுக்கணும். அந்த நாள் தவறினா அடுத்தது நாலு மாசத்துக்குப் பொறகுதான்.” அவர் குலசிங்கத்தின் பக்கம் திரும்பினார். “பாஸ், ஹபரணைக் காட்டு வழிய நாலு மணிக்கு முந்திக் கடக்கணும். பொறகு ஆமி விடமாட்டான். துறையில தாமதம், ஆமிச் சென்றியில செக் பண்ணத் தாமதம். மிச்ச வழிய எழுபதில விட்டாத்தான் சரிவரும்.”

“இந்தக் காருக்கு எழுபது என்ன முதலாளி, நூறும் ஓடும்,” என்றான் குலசிங்கம்.

பூரணி தயிர்ச் சட்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “பெற்றோல் எப்பிடி நானா?”

“கச்சேரி ஒபீஸில பெர்மிட் எடுத்தாச்சு. முழுத் தாங்கியும் தனிப் பெற்றோல். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்ல.”

“அப்ப இப்ப கிடக்கிற பிளக் ஏலாது.”

“ஏன் ஏலாது?” குலசிங்கத்தின் குரல் உயர்ந்தது. “ரெண்டு வரியமா இதிலதானே ஓடுது? நான் போட்ட பிளக்.”

“நீங்கள் போட்டது சரிதான். அது மண்ணெண்ணெய்க்குப் போட்டது. சென்றிக்குச் சென்றி நிண்டு நிண்டு, இருபதில முப்பதில ஓடின ஓட்டத்துக்கு. தனிப் பெற்றோலில, இந்தக் கச்சானில, எழுபதில விட்டால் அதின்ர முனை தணலாப் போம். பொறி விழ முந்தியே தணலில உள்ளுக்குப் பத்தும். பிஸ்டன் ஓட்டையாகும். குளிர்ப் பிளக்தான் போடவேணும்.”

“புத்தகம் படிச்சவ மாதிரிக் கதைக்கிறாள்.”

ஜமால்தீன் இருவரையும் பார்த்தார். நோயாளியின் புருஷன், விவாதிக்க நேரமில்லாதவர். “தங்கச்சி சொன்னாச் சரி,” என்றார்.

தங்கச்சி சொன்னாச் சரி! முப்பத்தொரு வருடம் எண்ணெய்க்குள் கிடந்த கைகளைக் குலசிங்கம் குனிந்து பார்த்தான். அந்தக் கைகளின் முன்னால் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. 'பாஸ், கொஞ்சம் பாத்துச் செய்யுங்க' என்பார்கள். 'போன முறையும் இப்பிடித்தானே' என்பார்கள். கேள்வியின்றி, நிபந்தனையின்றி ஒரு மனிதன் தன் மனைவியின் உயிரைத் தூக்கி இவளுடைய கையில் வைத்துவிட்டான். அவள் அதை ஒரு தயிர்ச் சட்டியைப் போல இயல்பாக வாங்கிக்கொண்டாள். அந்த இயல்புதான் அவனைச் சுட்டது.

அன்று பகலே பூரணி ஈர்க்கோடு பஸ் ஏறினாள். பட்டணத்தில் மூன்று கடைகளில் தகரங்களைக் கொட்டிக் கிளறி, பள்ளம் குறைந்த நான்கு குளிர்ப் பிளக்குகளைத் தேர்ந்து வந்தாள். புதுப் பிளக்கென்று அப்படியே பூட்டவில்லை. ஒவ்வொன்றின் வளைந்த கொம்பையும் வாங்கில் மெல்லத் தட்டி நெருக்கினாள். இருபத்தைந்தாம் தகட்டை இடையில் செருகினாள். தகடு சற்றே பிடிக்க வேண்டும், பிறகு வழுக வேண்டும். பிடிக்காமல் ஓடினால் மீண்டும் தட்டினாள். நடுக்கம்பியைத் தொடவில்லை, தொட்டால் பீங்கான் வெடிக்கும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் குலசிங்கமே.

அவன் ஒரு பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். இடைவெளி தெரியவில்லை. இரண்டு உலோகமும் ஒட்டிக் கிடப்பதாகவே தோன்றியது. கையை நீட்டித் தூரப் பிடித்தான், அப்போதும் பனிமூட்டம். தன் கண்ணிலிருந்து போன ஒளியெல்லாம் அவளுடைய கண்ணுக்குள் போய்க் குடியேறிவிட்டதாக அவன் நம்பினான். முதுமை திருடியதை மனைவி திருடியதாக நம்புவது எத்தனை வசதி!

பிளக்குகளைப் பூட்டி எஞ்சினை எழுப்பினார்கள். ஒரு தும்மலும் இல்லை. தேநீர்க்கடையிலிருந்து தவராசா கைதட்டினான்.

“அக்கா, அது பாடுதெல்லோ! அண்ணை, இனி நீங்கள் வீட்டில பிட்டு அவிக்கப் பழகுங்கோ!”

செவ்வாய்க்கிழமை நண்பகல். ஜமால்தீன் பின்னேரம் வந்து காரை எடுப்பதாக ஏற்பாடு. பூரணி மீன் வாங்கச் சந்திக்குப் போயிருந்தாள். வீதியில் நாய்கூட இல்லை. குலசிங்கம் முன்மூடியைத் திறந்தான்.

அவளுடைய நான்கையும் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டான். தன் பழைய நான்கையும் எடுத்தான், இருபத்தைந்துக்குக் கிட்ட இருக்குமென்று விரல் நுனியால் தடவி இடைவெளி வைத்தான், பூட்டினான். அந்த வேளையில் அவன் காரைக் கெடுக்க நினைத்தானா? இல்லை. அவனுக்கு அநியாயம் செய்ய வேண்டாம். கார் கண்டிக்குப் போகும் என்றே அவன் நம்பினான். இரண்டு வருடம் ஓடிய பிளக் இரண்டு நாள் ஓடாதா? போய் வரட்டும். ஜமால்தீன் வந்து, 'தங்கச்சியிட கை' என்று புகழட்டும். அப்போது, தவராசாவும் நிற்கும்போது, பைக்குள்ளிருந்து நான்கையும் எடுத்து வாங்கில் எறிந்து, 'ஓடினது என்ர பிளக்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு கணத்தின் இனிமைக்காக அவன் ஒரு நோயாளியின் இதயத்தைப் பணயம் வைத்தான்.

இரண்டு வருடப் பஞ்சம் அவனுடைய அறிவையும் பஞ்சத்துக்குப் பழக்கியிருந்தது. மண்ணெண்ணெயின் அளவையே எஞ்சினின் அளவென்று மறந்துபோயிருந்தான். முப்பத்தொரு வருடத் தொழிலாளி, சமாதான காலத்தில் செய்திருக்கவே முடியாத பிழை அது.

பின்னேரம் ஜமால்தீன் சாவியை வாங்கினார். பூரணி காரின் யன்னலருகே நின்றாள்.

“எழுபதிலயும் விடலாம் நானா. பயப்பிடாதேங்கோ. அக்காவுக்குச் சொல்லுங்கோ, நான் கும்பிட்டுக்கொண்டிருப்பன் எண்டு.”

குலசிங்கம் வாயைத் திறந்தான். “சென்றியில எஞ்சினை நிப்பாட்டுங்கோ முதலாளி,” என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை, கந்தளாய் தாண்டிக் கல்லோயாச் சந்திக்கு அப்பால், பந்தயக் குதிரை தன் முழு மூச்சையும் எடுத்தது. முதலில் கிணுகிணு என்றொரு சத்தம். பிறகு வெண்புகை. பிறகு இரும்பு இரும்பைத் தின்னும் ஓசை. மூன்று மணி நேரம் நபீஸா காட்டோரத்து வெயிலில், முந்தானையால் வாயை மூடி மூச்சுக்குத் தவித்தபடி கிடந்தாள். நாலு மணிக்குச் சிப்பாய்கள் வந்து திருப்பி அனுப்பினார்கள். ஒரு நெல் லொறி அவர்களைக் கந்தளாய்க்கு ஏற்றி வந்தது. வியாழக்கிழமை காலை, கண்டியில் ஒரு கட்டில் வெறுமையாய்க் கிடந்து, வேறொருவருக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை கார் லொறியில் வந்து இறங்கியது. கூட்டம் கூடியது. பூரணி பதறி ஓடிவந்து முதலாம் பிளக்கைக் கழற்றினாள். முனையைப் பார்த்தாள். வாங்கிலிருந்த ஈர்க்கை எடுத்துப் பள்ளத்தில் இறக்கினாள். அவளுடைய நகக்கீறலைத் தாண்டி ஈர்க்கு இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கணவனைப் பார்த்தாள்.

அவனுடைய கால்சட்டைப் பை கனத்தது.

“நானா, இது நான் போட்ட பிளக் இல்லை,” என்றாள் பூரணி.

“பிழை விட்ட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்,” என்றான் தவராசா. திங்கட்கிழமை கைதட்டியவன்!

“இந்த ஈர்க்கை நீங்களே பிடிச்சுப் பாருங்கோ நானா. இது சூட்டுப் பிளக்.”

ஜமால்தீன் கண்ணை மூடினார். மூன்று நாள் உறங்காத முகம். “எனக்கு இதெல்லாம் விளங்காது தங்கச்சி. நபீஸா வீட்டில மூச்சுக்கு இழுக்கிறா. அதுதான் எனக்கு விளங்குது.”

எல்லோரும் குலசிங்கத்தைப் பார்த்தார்கள். பாஸ் என்ன சொல்கிறார்? நெடுநாளைக்குப் பிறகு, பாஸின் சொல்லுக்காக ஒரு கூட்டம் காத்து நின்றது. அந்தப் பார்வைகள் அவனைத் தடவிக்கொடுத்தன. அந்த வருடலில் அவன் வாய் தானாகத் திறந்தது.

“நான் அண்டைக்கே சொன்னனான் முதலாளி, பழைய பிளக்கே போதும் எண்டு. நீங்கள்தான், தங்கச்சி சொன்னாச் சரி எண்டனீங்கள்.”

“பொம்பிளை கை வச்சால் இப்பிடித்தான்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல். தீர்ப்பு முடிந்தது. கூட்டம் கலைந்தது.

பூரணி குசினிக்குள் போனாள். அவன் பின்னால் வந்து நின்றான். அவள் அழவில்லை.

“என்ர நாலும் எங்க?”

அவன் பைக்குள்ளிருந்து எடுத்து அம்மிக்குப் பக்கத்தில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

“ஏன் செய்தனீங்கள்?”

“ஓடும் எண்டு நினைச்சன்.”

“அது பிழை. ஆருக்கும் வரும். இண்டைக்குச் செய்தது என்ன?”

அவன் பிளக்குகளை அம்மியோடு ஒட்டி வரிசைப்படுத்தினான்.

“நீங்கள்தானே எனக்குப் பழக்கினது? நான் நல்லாச் செய்தால் அது உங்கட பேர் எண்டல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். கேளுங்கோ. எனக்கு உங்கட மன்னிப்பு வேண்டாம். கிண்ணியாவுக்குப் போய், நபீஸா அக்காவுக்கு முன்னால நிண்டு சொல்லுங்கோ. நான் போய்ச் சொன்னால் ஆர் நம்புவினம்? இண்டைக்குச் சொன்னனானே, ஆராவது நம்பினவையோ? நீங்கள் சொல்லும் வரைக்கும் நான் அந்தத் தகட்டைத் தொடமாட்டன்.”

நான்கு நாள் அவள் தொடவில்லை. நான்கு நாளில் மூன்று வாகனங்கள் தும்மிக்கொண்டு திரும்பி வந்தன. ஐந்தாம் நாள் குலசிங்கம் அம்மியடியில் கிடந்த அவளுடைய நான்கு பிளக்குகளையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு துறையடிக்குப் போனான். கிண்ணியாவுக்கு ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். பாதை அக்கரையிலிருந்து வந்து ஒட்டியது. முதல் ஆளாக இறங்கியவர் ஜமால்தீன்.

“முதலாளி, உங்களைத்தான் பாக்க வந்தனான். அந்தப் பிளக்...”

“வாங்க பாஸ். நானும் உங்கட பக்கந்தான் வாறன். விடுங்க அத.” ஜமால்தீன் அவனுடைய தோளைத் தொட்டார். “நபீஸா கொஞ்சம் தேறியிரிக்கா. வேற நாள் கேட்டுக் கடுதாசி போட்டிரிக்கன். அவ என்ன சொல்லி அனுப்பினா தெரியுமா? 'பூரணிட மனசு நோவப்படாது. வேணுமெண்டு செய்யிற புள்ள இல்ல அவ. கை தவறும். போய்ச் சொல்லிட்டு வாங்க' எண்டா. இனியும் காரத் தங்கச்சிதான் பாக்கணுமாம். இப்ப நீங்களே வந்திட்டீங்க. எனக்கும் ஆலையில வேலை கிடக்கு. தங்கச்சிக்கிட்டச் சொல்லிடுவீங்கதானே?”

வாசகர்களே, மன்னிப்பு அங்கே நின்றது. கேளாமலே வந்த மன்னிப்பு. குலசிங்கம் அதை எட்டித் தொடும் தூரத்தில் நின்றான். ஆனால் அது அவனுடைய பெயரில் வரவில்லை. குற்றத்தைச் செய்தவன் இவன், மன்னிப்போ அவளுக்கு! பிழை செய்ததாக நம்பிய பிறகும் அவளிடமே காரைக் கொடுப்பார்களாம். தான் உண்மையைச் சொன்னால்? அவள் இன்னும் உயர்வாள். தான் எங்கே நிற்பான்? துணி முடிச்சை அவனுடைய விரல்கள் இறுக்கின. அவளுக்கு வந்த அந்த மன்னிப்பின் மீதுகூட அவனுக்குப் பொறாமை வந்தது.

“சொல்லுறன் முதலாளி,” என்றான். ஜமால்தீன் வந்த பாதையிலேயே திரும்பிப் போனார்.

வீட்டில் பூரணி பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“சொன்னீங்களோ?”

“ஓம்.”

“உண்மையாவோ? அவருக்கு முன்னாலயோ?”

“ஓம் எண்டுறன்.”

“என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“அக்கா?”

“ஒண்டும் இல்லை.”

அவள் மாவைப் பார்த்தாள். உண்மை தெரிந்த பிறகும் ஒரு சொல்கூடச் சொல்லி அனுப்பாத மனிதர்களா அவர்கள் என்று யோசித்திருப்பாள். பிறகு கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, கராஜுக்குப் போனாள். அவனுடைய சொல்லை நம்பி, தன் சொல்லைக் காத்தாள். தகட்டை எடுத்தாள்.

இன்றும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வீதியில் போகிறவர்கள் அவளைக் காட்டி, பிஸ்டன் உருக்கினவள் என்கிறார்கள். வாகனம் விடுகிறவர்கள், “பாஸ், நீங்களே செய்யுங்கோ, அவவை விடாதேங்கோ” என்கிறார்கள். அவன் தலையாட்டிச் சாவியை வாங்கி, உள்ளே கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறான். வேலை அவளுடையது. பெயர் அவனுடையது. பழியும் அவளுடையது.

குலசிங்கம் சொல்லமாட்டான். மனச்சாட்சி ஒருநாள் விழிக்குமென்று காத்திருப்பவர்கள் காத்திருங்கள். அதற்குள் ஒரு பெண்ணின் ஆயுள் முடிந்துவிடும். அவளுக்குத் தெரியாததும் ஜமால்தீனுக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே கடமை உங்கள் கைக்கு வந்துவிட்டது. பெருமூச்சு விட்டு இந்தத் தாளை மடித்து வைப்பீர்களானால் அந்தக் கூட்டத்தில் நின்ற இன்னொரு ஆள் நீங்கள். பாலையூற்றுக்குப் போங்கள், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், உங்கள் வாகனத்தின் சாவியை அவன் கையைக் கடந்து அவள் கையில் கொடுங்கள், நபீஸா அனுப்பிய சொல்லை அவளுடைய காதில் சேருங்கள். பிறகு துறையடிக்குப் போய்க் கிண்ணியாவுக்குக் கடந்து, ஜமால்தீனின் வீட்டு வாசலில் நின்று, அந்த நான்கு பிளக்குகள் யாருடையவை என்று உரக்கச் சொல்லுங்கள். முதற் பாதை காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. நாளைக்கே ஏறுங்கள்.